நெருப்பை வேண்டும் காடு

விண்வெளி ஆராய்ச்சிக் கூடத்தாலும் எண்ணெய்க் கம்பெனிகளாலும் உலகுக்கும், அருகிலுள்ள மீனாட்சி கோயிலால் நம்மவர்க்கும் பெயர் தெரிந்த ஹூஸ்டன் மாநகரத்தை விட்டு, நாற்பத்தைந்தாம் எண் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், டெக்ஸாஸ் என்ற மாத்திரத்தில் சினிமாப் படங்களின் தயவால் நம் மனத்தில் எழுகிற கள்ளியும் புழுதியும் குதிரைவீரரும் நிறைந்த சித்திரத்துக்கு முற்றும் மாறான ஒரு பிரதேசத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடைகிறார்கள். சாலையின் இருமருங்கிலும் வரிசை பிடித்து நிற்பவை பைன் மரங்கள். கிளை விடாமல் நெடுக உயர்ந்து, உச்சியில் மட்டும் ஊசியிலைகளைக் கொத்துக் கொத்தாக ஏந்தி, ஆறேழு ஆள் உயரத்துக்கு மேல்தான் தங்களுக்குப் பசுமை என்று தீர்மானித்துவிட்டவைபோல் நிற்பவை. இதுதான் மான்ட்கோமரி கவுன்டி. டெக்ஸாஸ் தனிக் குடியரசாக இருந்த 1837ஆம் ஆண்டில் ஏற்பட்டது. நம்முடைய ஜில்லாவுக்கு ஒப்பானது. 1,077 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 2,790 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் உடையது. கான்ரோ என்ற நகரத்தைத் தலைநகராகக் கொண்டது.

1970ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் 49,479 பேர் வாழ்ந்த இந்தக் கவுன்டியில் 2020இல் எண்ணப்பட்டவர்கள் 6,20,443 பேர். அதற்குப் பின் வந்த மதிப்பீடுகள் ஏழு லட்சத்தையும் தாண்டிவிட்டன. 2016இல் முடிந்த ஓராண்டில், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகை கொண்ட அமெரிக்க நகரங்கள் அனைத்திலும் அதிவேகமாக வளர்ந்தது கான்ரோதான் என்று அந்நாட்டு அரசாங்கமே அறிவித்தது. இத்தனை பேர் இங்கே வந்து குவிவதற்கு ஹூஸ்டனின் அண்மையும் உத்தியோகமும் காரணங்களே. ஆயினும் வீடு வாங்கவருவோரைக் கவர்வதற்காக அச்சிடப்படும் விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்தால், ஊர்ப்பெயர்களிலும் தெருப்பெயர்களிலும் வனமும் பைனும் ஓக்கும் நீரோடையும் தவிர வேறு எதுவும் அகப்படுவது அரிது. மரங்களுக்காகவும்தான் வருகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் காடு எவ்வெவற்றால் காடாக நிற்கிறதோ, அந்த நெருப்பையும் உளுப்பையும் வெள்ளத்தையும் தம் வாசலில் வைத்துக்கொள்ள வருவோரில் ஒருவருக்கும் சம்மதமில்லை. இந்தப் பிரதேசத்தின் இன்றைய கதை முழுவதும் அந்தச் சம்மதமின்மையின் கதையே என்று சொன்னால் மிகையாகாது.

அட்லாண்டிக் கடற்கரையிலுள்ள வர்ஜீனியாவில் தொடங்கி, தென் மாநிலங்கள் பலவற்றை வளைத்துக்கொண்டு வரும் மாபெரும் பைன் வனப்பட்டை தன் மேற்கு எல்லையைத் தொடுமிடம் கிழக்கு டெக்ஸாஸ். அந்த எல்லையின் ஓரத்தில்தான் மான்ட்கோமரி அமைந்திருக்கிறது. இங்கிருந்து மேற்கே சற்றுத் தூரம் சென்றால் பைன் மறைந்து, குட்டையான ஓக் மரங்களும் அவற்றுக்கு அப்பால் புல்வெளிகளும் வந்துவிடும். நிலம் வடமேற்கில் மெல்லிய மேடுபள்ளங்களாகத் தொடங்கித் தென்கிழக்கில் சமதரையாகச் சாய்கிறது. மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. மேலே மணல் கலந்த மண்ணும் அடியில் நீரை எளிதில் விடாத களிமண்ணும் பல இடங்களில் அமைந்திருப்பதால், பெருமழைக்குப் பின் தண்ணீர் எந்தத் திசையில் போவது என்று அறியாமல் தயங்கி நிற்பதைக் காணலாம். சான் ஹசின்டோ நதியின் மேற்குக் கிளை கவுன்டியின் நடுவே இறங்கி ஓடுகிறது. தென் எல்லையில் ஸ்பிரிங் ஓடை. இடையில் லேக், பீச், கேனி என்று பெயர் கொண்ட ஓடைகள். இவையெல்லாம் வறட்சியில் மணல்திட்டுகளுக்கிடையே நூலாக ஊர்பவை; ஒரு பெருமழைக்குப் பிறகு கரையையே காணோம் என்று ஆகிவிடுபவை.

மேட்டில் பைன், பள்ளத்தில் பலவகை அகலிலை மரங்கள் என்பது இங்குள்ள பொது ஏற்பாடு. பைன்களில் மிகுதியானது லாப்லாலி என்ற ஜாதி. அதனோடு குறு ஊசியிலைப் பைனும் கலந்து வளர்கிறது. ஆற்றோரத் தாழ்நிலங்களில் ஓக்கின் பல ஜாதிகளும், இலையுதிர்காலத்தில் சிவக்கும் ஸ்வீட்கம்மும், பெரிய வெள்ளைப் பூக்கள் விடும் மக்னோலியாவும் செழிக்கின்றன. ஈரம் மிகுந்த இடங்களில் தண்டு மண்ணுக்குள் மறைந்திருக்க விசிறி மடல்களை மட்டும் வெளியே நீட்டும் குட்டைப் பனையைக் காணும் தமிழருக்கு ஒரு கணம் ஊர் நினைவு வரலாம். அடியில் வளரும் புதர்களில் யோப்பான் என்பது விசேஷமானது. வட அமெரிக்காவுக்கே சொந்தமான தாவரங்களில், காபியிலும் தேயிலையிலும் உள்ள அதே காஃபீன் சத்தைத் தன் இலையில் கொண்டவை மிகச் சிலவே. அவற்றில் யோப்பான் ஒன்று. ஐரோப்பியர் வருவதற்கு முன் தென்பகுதிப் பூர்வகுடிகள் அதன் இலையை வறுத்துக் கொதிக்கவைத்துக் குடித்துவந்தார்கள். இன்றைய குடியேறிகளோ அதைக் கத்தரித்து வேலியாக்கிவிட்டுக் காபிக்குக் கடைக்குப் போகிறார்கள். வசந்தம் தொடங்கும்போது பைன் மரங்கள் மகரந்தத்தைச் சொரிய, கார்களின் மேலும் திண்ணைகளின் மேலும் குளங்களின் ஓரத்திலும் மஞ்சட்பொடியாகப் படிந்து கிடக்கும். அந்தச் சில வாரங்களில் ஊர் முழுவதும் தும்மிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் பார்த்து, ஆதிகாலத்திலிருந்து கோடரி படாத வனம் என்று எண்ணிவிடலாகாது. 1881ஆம் ஆண்டில் ஐஸக் கான்ரோ என்பவர் இங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றை நிறுவினார், அதை ஒட்டி ரயில் நிலையம் வந்தது, ஊர் வந்தது, ஊருக்கு அவர் பெயரும் வந்தது. அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளில் கிழக்கு டெக்ஸாஸின் முதிர்ந்த பைன் வனம் அநேகமாக முழுவதும் வெட்டப்பட்டுப் பலகையாகவும் ரயில்பாதைக் கட்டையாகவும் போய்விட்டது. இந்த வேகத்தில் போனால் காடே மிஞ்சாது என்று முதலில் கூக்குரலிட்டவர், வியப்பாக, ஒரு வங்கிக்காரர். டபிள்யூ. குட்ரிச் ஜோன்ஸ் என்ற அவர் 1914இல் டெக்ஸாஸ் வனச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டிலேயே மாநிலத்தில் வன இலாகா ஏற்பட்டது. 1930களில் மத்திய அரசாங்கம் வெட்டித் தீர்ந்த நிலங்களை வாங்கி மரம் நட்டு உண்டாக்கியதே சாம் ஹூஸ்டன் தேசிய வனம். மான்ட்கோமரியிலும் அதை அடுத்த இரண்டு கவுன்டிகளிலுமாக அது 1,63,000 ஏக்கர் பரந்து கிடக்கிறது. அதனூடே 128 மைல் நீளமுள்ள நடைபாதையும் உண்டு. காடு தீர்ந்து வறுமை வந்த சமயத்தில், 1931இன் இறுதியில் ஜார்ஜ் ஸ்ட்ரேக் என்பவர் கான்ரோவின் அருகே எண்ணெய் கண்டது ஊரைக் காப்பாற்றியது என்பதையும், அந்த வயலில் வெடித்து எரிந்து பெரும் பள்ளமாகிவிட்ட கிணறு ஒன்றை அடக்குவதற்காகச் சாய்வாகத் துளையிட்டது அந்தத் தொழிலின் வரலாற்றில் முக்கியமான சம்பவம் என்பதையும் இங்கே சொல்லி மேலே செல்வோம். நமக்கு வேண்டியது இவ்வளவே: இன்று காணும் மரங்களில் மிகப் பெரும்பாலானவை நூறு வயது நிரம்பாதவை. மரத்துக்குப் பஞ்சமில்லை, கிழமரத்துக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தின் கொடுமையை முழுவதும் அனுபவித்தது ஒரு பறவை. சிவப்புக் காகேட் மரங்கொத்தி என்று அதற்குப் பெயர். பெயரில்தான் சிவப்பு, ஆண்பறவையின் தலைப்பக்கத்தில் இரண்டொரு இறகளவுக்கு உள்ள அந்தச் சிவப்பைத் தொலைநோக்கியில் பார்த்தாலும் காண்பது கஷ்டம். முதுகில் கறுப்பும் வெள்ளையுமான குறுக்குக் கோடுகள், கன்னத்தில் பெரிய வெள்ளைத் திட்டு, சிறிய பறவைதான். உலகத்து மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தையும் பட்ட கிளையையும் குடைந்து கூடு கட்டுபவை. உளுத்த மரம் இளகியது, வேலை சுலபம். இந்தப் பட்சியோ உயிருள்ள பைன் மரத்தைத்தான் குடையும். அதிலும் எல்லா மரமும் ஆகாது. அறுபது, எண்பது ஆண்டு முதிர்ந்து, வெளியே பச்சையாக நின்றுகொண்டே உள்ளே வைரம் ஒருவகைப் பூஞ்சணத்தால் உளுத்துப்போன மரமாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட மரத்திலும் ஒரு பொந்தைக் குடைந்து முடிக்க ஓர் ஆண்டும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். தந்தை தொடங்கியதை மகன் முடிப்பதும் உண்டு. ஏனெனில் முந்திய ஆண்டுகளில் பிறந்த ஆண்குஞ்சுகள் சில பிரிந்து போகாமல் பெற்றோருடனேயே தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும் கூட்டுக் குடும்ப வழக்கம் இந்தப் பறவைகளுக்கு இருக்கிறது.

உயிருள்ள மரத்தை ஏன் நாடுகிறது என்பதற்கு விடை பொந்தின் வாசலிலேயே இருக்கிறது. வாசலைச் சுற்றிலும் மேலும் கீழும் இந்தப் பறவை நாள்தோறும் சிறு சிறு குழிகளைக் கொத்தி வைக்கிறது. உயிர்மரமானதால் அந்தக் குழிகளிலிருந்து பிசின் ஊறிக்கொண்டே இருக்கிறது. பட்டையின் மேல் வழிந்து உறைந்து வெளுத்து, பெரியதொரு மெழுகுவத்தி உருகி நின்றதுபோல் அந்த மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டிவிடுகிறது. சாரையைப்போல நஞ்சற்றதும், ஆனால் மரமேறுவதில் அதைவிடக் கெட்டிக்காரத்தனம் உடையதுமான ஒரு பாம்பு முட்டையையும் குஞ்சையும் தேடி ஏறிவந்தால், வயிற்றுச் செதில்களில் பிசின் அப்பிக்கொள்ள, பிடிமானம் இழந்து கீழே விழ நேர்கிறது. பட்ட மரத்தில் பிசின் ஏது? ஆகவே, உள்ளே செத்தும் வெளியே உயிரோடும் இருக்கிற மரம் என்ற, கிடைப்பதற்கு அரிய ஒன்றை இந்தப் பட்சி தன் வாழ்வுக்கு ஆதாரமாகக் கொண்டுவிட்டது. மரவியாபாரியின் கணக்கில் அத்தகைய மரம் உதவாக்கரை; வீட்டுக்காரரின் கணக்கில் கூரைமேல் விழக்கூடிய அபாயம்; இருவரும் முதலில் வெட்டுவது அதைத்தான். 1970இல் இப்பறவை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வனத்துறையினர் இளைய மரங்களில் துளையிட்டு மரப்பெட்டிப் பொந்துகளைப் பதித்தும், குஞ்சுகளின் காலில் வளையமிட்டுக் கண்காணித்தும் அரை நூற்றாண்டு பாடுபட்டதன் பலனாக, 2024இல் அந்தப் பட்டியலில் ஒரு படி ஆபத்துக் குறைந்த வகுப்புக்கு அது மாற்றப்பட்டது.

பெட்டி வைத்தால் மட்டும் போதாது, நெருப்பும் வைக்கவேண்டும். பைன் வனம் தொன்றுதொட்டு மின்னலாலும் பூர்வகுடிகளாலும் மூட்டப்பட்ட தரைத்தீயில் வளர்ந்தது. அந்தத் தீ புல்லையும் சருகையும் புதரையும் எரித்துக்கொண்டு தாழ்வாக ஓடும். முதிர்ந்த பைனின் தடித்த பட்டையைச் சற்றே கருக்கிவிட்டுப் போய்விடும். தீ வராமல் சில ஆண்டுகள் விட்டால் யோப்பானும் ஸ்வீட்கம்மும் கிளம்பி மரங்கொத்தியின் வாசல் மட்டத்துக்கு வந்துவிட, பறவை அந்த இடத்தையே விட்டுப் போய்விடும். அதைவிட மோசமாக, ஏணிப்படிபோல் அடுக்கடுக்காக வளர்ந்த அந்தப் புதர்கள் ஒரு வறட்சியில் பற்றிக்கொண்டால் தீ உச்சிக்கே ஏறிவிடும். ஆகையினால்தான் தேசிய வனத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, காற்றின் திசையையும் ஈரத்தையும் பார்த்து, அதிகாரிகளே பகுதி பகுதியாகத் தீயிடுகிறார்கள். கையில் சொட்டுக் கொள்ளியோடு வரிசையாக நடந்து செல்லும் அந்த ஊழியர்களைப் பார்ப்பவருக்கு வனக்காவலர் என்ற எண்ணம் சட்டென்று வராது.

மற்ற ஜீவராசிகளுக்குக் குறைவில்லை. வெள்ளைவால் மான்கள் மாலையில் வீட்டுத் தோட்டங்களுக்கே வந்து ரோஜாச் செடியை மேய்கின்றன. அழுங்கைப்போல் உடம்பெல்லாம் கவசம் பூண்ட அர்மடில்லோ இரவில் புல்தரையைத் தோண்டிப் புழு தேடுகிறது. ஒரே கருவிலிருந்து பிளந்து உண்டான, ஒன்றுபோல் மற்றொன்றிருக்கும் நான்கு குட்டிகளை ஒவ்வொரு பேற்றிலும் ஈனுவது அதன் சுபாவம். மெக்ஸிகோவுக்கு வடக்கே வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் ஒரே பிராணியான ஒப்பாஸம், நரி, கயோட்டி, பாப்கேட் என்ற குட்டைவால் காட்டுப்பூனை, நீர்நாய், ஓடைகளை அணைபோட்டு நிறுத்தும் பீவர், ஏரிக்கரையில் கூடு கட்டும் வெண்தலைக் கழுகு, சதுப்புகளில் அலிகேட்டர் முதலை என்று பட்டியல் நீளும். இவற்றுள் நம் கவனத்துக்கு உரியது ஆற்றின் அடியில் கிடக்கும் ஒரு ராட்சத ஆமை. சேற்றோடு சேறாக வாயைத் திறந்துகொண்டு அசையாமல் கிடக்கும். நாக்கின் நுனியில் புழுவைப்போன்ற சிவந்த தசை ஒன்று மட்டும் நெளிந்துகொண்டிருக்கும். புழு என்று நம்பி வந்த மீனுக்கு அதுவே கடைசி நம்பிக்கை. நஞ்சுள்ள பாம்புகளும் உண்டு. புதிதாக வந்தவர்கள் அவற்றுக்குப் பயப்படுகிற அளவில் பாதிகூடத் தென்னமெரிக்காவிலிருந்து வந்தேறிய நெருப்பெறும்புக்குப் பயப்படுவதில்லை, முதல் கடிபடும் வரையில். மண்ணை உழுது நாசம் செய்வதில் முதலிடம் காட்டுப்பன்றிக்கு. ஐரோப்பியர் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகள் தப்பியோடி, பிற்பாடு வேட்டைக்காக இறக்குமதியான பன்றிகளோடு கலந்து பெருகிய கூட்டம் அது.

சீதோஷ்ணம் நம் சமவெளிக்காரர்களுக்குப் பாதி பழகியது, பாதி புதியது. கோடையில் வெயில் 34, 35 டிகிரி செல்சியஸைத் தொடும்; மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றால் உடம்பு பிசுபிசுக்கும்; சென்னைவாசி எவரும் இதில் குறை காணமாட்டார். ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டர் அளவில். ஆனால் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த மாதத்திலும் பெய்யும், எந்த மாதத்திலும் பொய்க்கும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து மலையோ காடோ தடுக்க இல்லாமல் சமவெளி நெடுக ஓடிவரும் குளிர்காற்று, காலையில் சட்டையோடு வெளியே போனவரை மாலையில் கம்பளியைத் தேட வைத்துவிடும். 2021 பிப்ரவரியில் அப்படி வந்த குளிரில் குழாய்கள் வெடித்தன, டெக்ஸாஸின் பெரும்பகுதியில் மின்சாரம் தட்டழிந்தது. 2011இன் வறட்சியில் மாநிலத்தில் மடிந்த வனமரங்கள் முப்பது கோடி என்று வன இலாகா மதிப்பிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் மான்ட்கோமரியையும் பக்கத்துக் கவுன்டிகளையும் பிடித்த ரைலி ரோடு காட்டுத்தீ ஏறக்குறைய 19,000 ஏக்கரை எரித்தது. 2008இல் ஐக், 2024 ஜூலையில் பெரில் என்ற புயல்கள் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்தும் தம் வலிமையைக் காட்டின. இந்த ஊரில் புயலின் ஆயுதம் காற்றைக் காட்டிலும் மரமே. விழுகிற ஒவ்வொரு பைனும் ஒரு மின்கம்பியையோ ஒரு கூரையையோ தேடிப்பிடித்து விழுகிறது.

இனி நீரின் கதைக்கு வருவோம். ஹூஸ்டனின் எதிர்காலத் தாகத்தை உத்தேசித்துச் சான் ஹசின்டோவின் மேற்குக் கிளைக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டு 1973இல் கான்ரோ ஏரி உருவாயிற்று. இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு. வடபகுதி தேசிய வனத்துக்குள், தென்பகுதி நெடுக மாளிகைகளும் படகுத்துறைகளும். ஏரி நிறைந்து இரண்டாண்டுகூட ஆகாத நிலையில் அதில் ஒரு விருந்தாளி தோன்றியது. பள்ளிக்கூட விஞ்ஞான வகுப்பில், கண்ணாடிப் புனலுக்கடியில் ஒரு நீர்ச்செடியை வைத்து, வெயிலில் அது விடும் பிராணவாயுக் குமிழிகளைச் சோதனைக்குழாயில் பிடித்துக் காட்டியது நம்மில் பலருக்கு நினைவிருக்கலாம். அந்த ஹைட்ரில்லாதான் அது. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்குச் சென்று, அங்கே நீர்நிலைகளில் தப்பி, படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு தென் மாநிலங்கள் எங்கும் பரவிய செடி. நம் குளங்களில் நூறு பிராணிகள் தின்ன அடக்கமாக இருப்பது, தின்பாரற்ற புதுநாட்டில் 1981க்குள் ஏரியின் ஏறக்குறைய பாதிப் பரப்பை அடைத்துவிட்டது. படகு போகவில்லை, வீட்டு விலை இறங்கியது. உடனே, அதே கீழை நாடுகளைச் சேர்ந்த புல்கெண்டை மீனை, ஒன்றல்ல இரண்டல்ல, 2,70,000 மீன்களை ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். 1983இல் பார்த்தபோது ஹைட்ரில்லாவோடு சேர்த்து நீருக்கடியில் பச்சை என்று பேர் சொல்ல ஒன்றையும் மீதி வைக்காமல் அவை தின்று தீர்த்திருந்தன. பாஸ் மீன் பிடிக்க வந்த தூண்டிற்காரர்கள், மீன்குஞ்சு ஒதுங்கச் செடியில்லாமல் போய்விட்டதே என்று கோபித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஹைட்ரில்லாவும் திரும்ப வந்தது. பிரேஸிலிலிருந்து சால்வினியா என்ற மிதக்கும் செடியும் துணைக்கு வந்தது. புல்கெண்டையும் மறுபடி அழைக்கப்பட்டது.

ஏரி குடிநீருக்காகக் கட்டப்பட்டது. வெள்ளத்தைத் தாங்குவதற்காக அல்ல. இந்த வித்தியாசம் 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நகராமல் நின்று நாள்கணக்காகக் கொட்டியபோது எல்லோருக்கும் விளங்கியது. எப்போதும் நிறைந்தே இருக்கும் ஏரி. புதிதாக வரும் நீரைப் பிடித்துவைக்க இடமில்லை. அணையைக் காப்பதற்காக வினாடிக்கு ஏறக்குறைய 79,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. கீழேயிருந்த குடியிருப்புகளில், நதியின் பழைய படுகை என்று மண்ணே சாட்சி சொல்லும் இடங்களில் கட்டப்பட்ட வீடுகளுக்குள் நள்ளிரவில் பிரவாகம் புகுந்தது. மறு ஆண்டிலிருந்து, மழை மிகக்கூடிய பருவங்களில் ஏரியின் மட்டத்தை ஓரிரு அடி முன்கூட்டியே குறைத்துவைக்கும் ஏற்பாட்டை நதி நிர்வாகம் கொண்டுவந்தது. உடனே ஏரிக்கரை வீட்டுக்காரர்கள், படகுத்துறை சேற்றில் நிற்கிறது, வியாபாரம் போகிறது என்று எதிர்ப்புக் கிளப்பினார்கள். ஒரே நதியின் மேல்கரைக்கும் கீழ்கரைக்கும் நடக்கும் வழக்கு நம் நாட்டிலும் புதிதல்லவே. இதற்கிடையில் நதிப்படுகையில் மணல் தோண்டும் குழிகள் பெருகி, வெள்ளந்தோறும் மணல் கீழே அடித்துச் செல்லப்பட்டு ஆற்றை மேடாக்குகிறது. அதுவும் நமக்குப் பழகிய கதைதான்.

தண்ணீரோடு சமாதானமாகக் குடியிருக்க முயன்ற ஊர் ஒன்றும் இங்கே இருக்கிறது. அதற்கு வுட்லண்ட்ஸ் என்று பெயர். கிரேக்க நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்து, எரிவாயுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜார்ஜ் மிட்செல், 1964இல் ஒரு மரக்கம்பெனியின் நிலங்களை மொத்தமாக விலைக்கு வாங்கினார். ‘இயற்கையோடு இயைந்த அமைப்பு’ என்ற கருத்தால் அப்போது புகழ்பெற்றிருந்த இயன் மக்ஹார்க் என்ற நில அமைப்பு நிபுணர் அந்த நகரத்துக்கு யோசனை சொல்ல அழைக்கப்பட்டார். அவர் முதலில் கேட்டது, வீடு எத்தனை, சாலை எங்கே என்பதை அல்ல. மழைத்தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது, எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்பதையே. நீரை உறிஞ்சும் மணற்பாங்கான இடங்களைத் திறந்தபடி விட்டு, உறிஞ்சாத இடங்களில் கட்டடங்களை எழுப்பி, சிமென்டுக் குழாய்களுக்குப் பதிலாகப் புல் வளர்ந்த வாய்க்கால்களின் வழியே மழைநீரை மெல்ல நடத்தினால், வெள்ளமும் குறையும், பைனின் வேருக்கு ஈரமும் கிடைக்கும் என்பது அவருடைய திட்டம். 1974 அக்டோபரில் நகரம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் மத்திய அரசாங்கத்தின் கடனுறுதியோடு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புதுநகரங்கள் பலவும் பொருளாதாரத்தில் நொடித்துப்போக, இது தப்பிப் பிழைத்தது. குறை சொல்வோரும் இல்லாமலில்லை: கடைகள்கூட மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை, வாய்க்காலில் புல் மண்டிக் கொசு பெருகுகிறது என்றெல்லாம் புகார் எழுந்தது. நாளடைவில் பிற்கால விஸ்தரிப்புகளில் வழக்கமான விளிம்புக்கல்லும் மூடிய வடிகாலுமே வந்துவிட்டன. 2020இல் அங்கே 1,14,436 பேர் வாழ்ந்தார்கள். மக்ஹார்க் வகுத்த பழைய பகுதிகளில் நடந்துவிட்டுப் புதிய பகுதிகளுக்குப் போகிறவர், இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்துகிறது என்று வியக்காமல் இருக்கமுடியாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நீரும் உண்டு. நெடுங்காலம் இந்தக் கவுன்டி குடித்தது நிலத்தடி நீரைத்தான். மணலும் களிமண்ணும் மாறிமாறி அடுக்கிய இந்த நிலத்தில் நீரை வரம்பின்றி இறைத்தால், களிமண் அடுக்கு அமுங்கி மேற்பரப்பே தாழ்ந்துவிடும். அமுங்கிய களிமண்ணுக்கு மறுபடி எத்தனை மழை பெய்தாலும் பழைய நிலை திரும்புவதில்லை. தெற்கே ஹூஸ்டனைச் சுற்றிச் சில இடங்கள் மூன்று மீட்டரளவுக்குத் தாழ்ந்ததைக் கண்ட பிறகு, இங்கே 2001இல் நிலத்தடி நீரைக் காக்க ஒரு மன்றம் ஏற்பட்டது. 2015 முதல் கான்ரோ ஏரியின் நீர் சுத்திகரிக்கப்பட்டு நகரங்களுக்குக் குழாயில் வரத் தொடங்கியது. ஏரி நீர் விலை அதிகம், கிணற்று நீர் மலிவு. ஆகவே எவ்வளவு இறைக்கலாம் என்ற வாதம் நீதிமன்றங்கள் வரை போயிற்று.

கான்ரோவுக்குத் தெற்கே, வீட்டுக் கூட்டங்கள் நாற்புறமும் நெருக்கிவந்துவிட்ட இடத்தில், 1926இல் மாநிலம் வாங்கிய சுமார் 1,700 ஏக்கர் வனம் ஒன்று இருக்கிறது. முன்பு சொன்ன வங்கிக்காரரின் நினைவாக அதற்கு ஜோன்ஸ் மாநில வனம் என்று பெயர். மரங்கொத்திகள் பொந்து வைத்திருக்கும் மரங்களுக்கு அங்கே பச்சை வர்ணத்தால் பட்டை அடித்திருக்கிறார்கள். அந்தப் பறவையைப் பார்க்க விரும்புவோர் விடியுமுன் அந்த மரங்களில் ஒன்றின் அருகே நிற்கவேண்டும். வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு பொந்திலிருந்தும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, கீச்சென்று ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, குடும்பமாக இரைதேடப் போய்விடும். பிறகு அந்தியில்தான் திரும்பும். 2017இல் அந்த வனத்தின் ஒரு பகுதியில் கட்டடங்களுக்கு வழி செய்யும் மசோதா மாநிலச் சட்டசபைக்கு வந்தபோது, சுற்றுவட்டாரத்தார் திரண்டு எதிர்த்தார்கள். அப்படித் திரண்டவர்களின் வீடுகள் வனத்தின் வேலியை ஒட்டியே இருப்பதால், அங்கே தீயிடுவது இப்போது நுணுக்கமான காரியமாகிவிட்டது: சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் புகை போய்ப் படியாதபடி காற்று வீசவேண்டும், சருகு எரியும் அளவுக்கு உலர்ந்தும் தீ எல்லை மீறாத அளவுக்கு ஈரமாகவும் இருக்கவேண்டும். ஆண்டில் அத்தகைய நாட்கள் கொஞ்சமே. அவற்றுக்காக ஊழியர்கள் கொள்ளியைத் தயாராக வைத்துக்கொண்டு வானிலை அறிக்கையைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.